சித்தப்பாவைத் தூக்கிய பயில்வான்

எட்டு வயதில் எங்கள் ஊரிலேயே பெரிய பலசாலி நான்தான். இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இருந்ததில்லை. ஏரியிலிருந்து படகை மணலுக்கு இழுத்து ஏற்றுகிறவர்கள் எங்கள் தெருவில் இருந்தார்கள். நிறைந்த ஐஸ் பெட்டியை ஒற்றை ஆளாகத் தூக்கி வண்டியில் வைக்கிறவர் ஒருவரும் இருந்தார். ஆனால் அவர்களில் யாரும் என் சித்தப்பாவைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தியதில்லை. நான் தினமும் நிறுத்தினேன்.

சித்தப்பா என்றால், நைனா என்று நான் கூப்பிடும் என் அப்பாவின் தம்பி. எங்கள் ஊரான தோணிரேவில் எங்களோடு ஒரே வீட்டில் இருந்தார். அண்ணனும் தம்பியும் ஒரே படகில் பழவேற்காட்டு ஏரிக்குள் போய் வருவார்கள். நைனா அதிகம் பேசமாட்டார். சித்தப்பா பேச்சை நிறுத்தமாட்டார். வீச்சு வலையைத் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டு படகின் முனையில் நின்று அவர் வீசினால், அது வட்டம் கோணாமல் விரிந்து விழும். அதைப் பார்ப்பதற்கென்றே நான் கரையில் உட்கார்ந்திருப்பேன்.

அவரைத் தூக்கி நிறுத்தும் விளையாட்டு ஒரு பொங்கல் சமயத்தில் தொடங்கியது. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்ததும் சித்தப்பா இரண்டு கைகளையும் என் பக்கம் நீட்டினார்.

“எங்க பயில்வான், என்னைத் தூக்கு பாப்போம்.”

நான் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு, என் பாதங்களை அவர் பாதங்களுக்கு முட்டுக் கொடுத்து, பின்னால் சாய்ந்து இழுத்தேன். அவர் முக்கினார், ஒரு பக்கமாகச் சாய்ந்தார், பிறகு எழுந்து நின்றுவிட்டார். “யப்பா! இன்னா பலம் இந்தப் பொண்ணுக்கு!” என்று கையை உதறிக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று முதல் சாப்பாட்டு நேரத்தில் இதுவே வழக்கமாகிப் போனது. இவ்வளவு பலத்தைக் காப்பாற்ற வேண்டுமே என்று அம்மாவிடம் கூடுதலாக ஒரு துண்டு மடவை மீன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

இதற்கிடையில் சித்தப்பாவின் கண் இமைகள் நாவல்பழத்தைத் தேய்த்தாற்போல் நிறம் மாறின. விரல் முட்டிகளின் மேல் சிவந்த சொரசொரப்பான திட்டுகள் வந்தன. உப்புத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார் ஒருவர். இறால் ஒத்துக்கொள்ளவில்லை என்றார் இன்னொருவர். இறால் ஒத்துக்கொள்ளாதவன் எங்கள் ஊரில் எப்படி இத்தனை வருஷம் உயிரோடு இருந்தான் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு நாள் அவர் வீசிய வலை விரியவே இல்லை. துவைத்த துணியைப் போட்டதுபோல் படகுக்குப் பக்கத்திலேயே தொப்பென்று விழுந்தது. கரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். “நேத்து சரக்கு ஜாஸ்தியா?” என்றார்கள். சித்தப்பாவும் சிரித்தார். அவர் குடிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவரே மறுக்காதபோது நான் எதற்கு நடுவில் பேசுவது?

அந்தச் சமயத்தில்தான் அவருக்குப் பெண் பார்க்கப் போனோம். எளாவூருக்குப் பக்கத்தில் ஏரியை ஒட்டிய ஒரு ஊர். பெண் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். ஷேர் ஆட்டோவில் போகும்போது சித்தப்பா என் காதில் சொன்னார்:

“அங்க போனதும் என் மடியில படுத்துத் தூங்கற மாதிரி நடி. எல்லாரும் வெளிய போற வரைக்கும் கண்ணத் தொறக்காத. ஐஸ்கிரீம் வாங்கித் தரேன்.”

ஏன் என்று நான் கேட்கவில்லை. ஐஸ்கிரீமைப் பற்றிப் பேச்சு வந்தபிறகு காரணம் கேட்பது எனக்குப் பழக்கமில்லை.

பெண் வீட்டில் பாய் விரித்திருந்தார்கள். சித்தப்பா சுவரோரமாகப் பார்த்து உட்கார்ந்தார், நான் உடனே அவர் மடியில் தூங்கிப்போனேன். பெண்ணின் அப்பா உள்ளே வந்தபோது எல்லோரும் எழுந்து நின்றார்கள். சித்தப்பா மட்டும் எழவில்லை. “கொழந்த தூங்கிடுச்சி மாமா, எழுந்தா முழிச்சிக்கும்” என்றார். “பரவால்ல, உக்காருப்பா” என்று அவர் சொன்னது கேட்டது. பெண்ணின் அம்மா, “அண்ணன் பொண்ணு மேலயே இவ்ளோ பாசம், நாளைக்குத் தன் புள்ளைங்கள எப்படிப் பாத்துக்குவாரு” என்று யாரிடமோ சொன்னார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, கேசரி வாசனை வரும்வரை. நான் ஒரு கண்ணை மட்டும் லேசாகத் திறந்தேன். தட்டை ஏந்திக்கொண்டு பெண் எனக்கு நேராக நின்றிருந்தாள். என் திறந்த கண்ணை அவள் பார்த்துவிட்டாள். நான் மூடிக்கொண்டேன். அவள் தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

எல்லோரும் செருப்பு மாட்டிக்கொள்ள வெளியே போனதும், அந்த வெறும் அறையில் சித்தப்பா இரண்டு கைகளையும் நீட்டினார். நான் இழுத்தேன். ரொம்பக் கனத்தார். சுவரில் முதுகை உரசிக்கொண்டு எழுந்து, “பயில்வான் இல்லன்னா இன்னிக்கி நான் காலி” என்றார். கல்யாணம் முடிவானதில் எனக்கும் பங்குண்டு என்று நினைத்துக்கொண்டேன். அது உண்மையும்கூட.

பிறகு பள்ளிக்கூடம் கோடை விடுமுறை விட்ட சமயம், ஒரு காலையில் அது நடந்தது. வலையின் கழிகளைச் சரி செய்ய சித்தப்பா படகிலிருந்து தண்ணீரில் இறங்கினார். எங்கள் ஏரி ஆழமில்லாதது. அந்த இடத்தில் தண்ணீர் அவர் மார்பு வரைதான். வேலை முடிந்து படகில் ஏறப் போனவரால் ஏற முடியவில்லை. படகின் விளிம்பைப் பிடித்துத் தொங்கினார். கை நழுவியது. மறுபடி பிடித்தார். அவர் வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்து நைனா, “டேய், போதும்டா, ஏறு” என்றிருக்கிறார். காற்று கிளம்பி அலை முகத்தில் அடித்தது. தண்ணீர் குடித்து இருமினார். அப்போதுதான் நைனா தம்பியின் முகத்தைப் பார்த்தார். பக்கத்துப் படகுக்காரரும் சேர்ந்து அவரைத் தூக்கிப் படகுக்குள் போட்டார்கள். மார்பளவுத் தண்ணீரில் ஒரு மீனவன் முழுகப் பார்த்தான் என்று ஊரில் சொல்லிச் சிரித்தார்கள். நைனா சிரிக்கவில்லை. அன்று சோறு சாப்பிடும்போதும் சித்தப்பாவுக்குத் தொண்டையில் அடைத்துப் புரையேறியது. நைனா கையைக் கழுவிவிட்டு, “நாளைக்கி டாக்டராண்ட போறோம்” என்றார்.

பக்கத்தில் பார்த்த டாக்டர் கண் இமையையும் விரல் முட்டிகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நேரத்தைக் கடத்தாமல் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்கே போகச் சொன்னார். நானும் வருவேன் என்று அழுதேன். “பயில்வான் இல்லாம எனக்கு ஆவாதுண்ணா” என்று சித்தப்பா சொன்னதால் என்னையும் அழைத்துப் போனார்கள். பொன்னேரியில் ரயில் பெட்டியின் படியில் அவரால் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை. நைனா பின்னாலிருந்து தள்ள, நான் முன்னாலிருந்து இழுத்தேன். வழியை மறிக்கிறோம் என்று யாரோ திட்டினார்கள். நான் திரும்பி முறைத்தேன்.

ஆஸ்பத்திரியில் கூட்டத்தோடு கூட்டமாகக் காத்திருந்து, கடைசியில் ஒரு பெண் டாக்டரின் முன்னால் போய் நின்றோம். நரைத்த முடியும் சளி பிடித்த குரலுமாக இருந்தார். சித்தப்பாவைக் கையைத் தூக்கச் சொன்னார். தோள் உயரத்துக்கு மேல் கை போகவில்லை. தரையைக் காட்டினார்.

“கீழ உக்காருங்க. கை ஊனாம எழுந்திருங்க, பார்க்கலாம்.”

சித்தப்பா உட்கார்ந்தார். இது நம்ம வேலை என்று நான் ஓடிப்போய் அவர் கைகளைப் பிடித்தேன்.

“நீ இரும்மா. அவரே எழுந்திருக்கட்டும்.”

நான் விலகி நின்றேன். சித்தப்பா டாக்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு பக்கமாகப் புரண்டு, தரையில் கை ஊன்றி, பிறகு தொடையில் கை ஊன்றிப் பாதி எழுந்தார். முட்டி நிமிரவில்லை. அப்படியே மறுபடி உட்கார்ந்துவிட்டார். நெற்றியெல்லாம் வியர்வை.

“வீட்ல எப்படி எழுந்திருக்கீங்க?” என்றார் டாக்டர்.

“நான்தான் தூக்குவேன்” என்றேன்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். “எப்போலேர்ந்து?”

“பொங்கல்லேர்ந்து. மொதல்ல லேசா இருந்தாரு. அப்புறம் வெயிட் ஆயிட்டாரு. இப்போ இளைச்சிட்டாரு. ஆனா இன்னும்தான் வெயிட்டா கீறாரு.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். சொல்லக் கூடாத எதையோ சொல்லிவிட்டேன் போலிருக்கிறது என்று பயந்தேன். நைனா தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பொங்கல்லேர்ந்தாடா? ஒரே படகுல தானடா போறோம். என்னாண்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

“சொன்னா கல்யாணம் நின்னுடும்னு பயமா இருந்துச்சிண்ணா.”

நைனா குனிந்து, அவர் கக்கத்தில் கை கொடுத்து, தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார். அவர் கை அவ்வளவு மெதுவாக ஒருவரைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

சித்தப்பாவைச் சேர்த்துக்கொண்டார்கள். என்னை அம்மா வந்து ஊருக்குக் கூட்டிப் போனாள். ரத்தம் எடுத்ததும், தசையில் ஊசி வைத்துப் பார்த்ததும், தொடையிலிருந்து துளி சதை எடுத்துச் சோதித்ததும், உடம்பில் வேறெங்கும் கட்டி இருக்கிறதா என்று படம் பிடித்ததும் பிறகு சித்தப்பா சொல்லித் தெரிந்துகொண்டவை. டாக்டர் நோய்க்கு ஒரு நீளமான பெயர் சொன்னாராம். நைனாவின் வாயில் அது நுழையவில்லை. அதைப் பார்த்து டாக்டர் வேறு மாதிரி விளக்கியிருக்கிறார். காவலுக்கு வளர்க்கிற நாய், வீட்டு ஆளையே அடையாளம் தெரியாமல் கடித்தால் எப்படியோ, அப்படி உடம்பின் காவலே உடம்பின் தசையைக் கடித்துப் புண்ணாக்குகிறது. தோலையும் கொஞ்சம் கடிக்கிறது. இது தொற்றாது. குடியால் வந்ததில்லை, யாரும் ஏவி விட்டதுமில்லை. நாயைக் கொல்ல முடியாது, அது இல்லாமலும் வாழ முடியாது. ஆனால் கட்டிப் போடலாம். அதற்குத்தான் மருந்து.

“எத்தினி நாளைக்கி?” என்று நைனா கேட்டிருக்கிறார்.

“நாள் சொல்ல மாட்டேன். குறைச்சிக்கிட்டே வருவோம். ஆனா நீங்களா ஒருநாளும் நிறுத்தக் கூடாது.”

ஊருக்குத் திரும்பிய சித்தப்பாவுக்கு அகோரப் பசி. அது மாத்திரையின் வேலை என்றார்கள். என் பங்குத் தின்பண்டமெல்லாம் அந்த வேலையில் காணாமல் போனது. அவர் முகம் ஊதி உருண்டையாகிவிட்டது. தெருப் பிள்ளைகள் ‘பன்னு’ என்று பெயர் வைத்தார்கள். வெயில் பட்டால் நோய் கிளம்பும் என்பதால் முழுக்கைச் சட்டையும் அகலத் தொப்பியும் போட்டுக்கொண்டு, முகத்தில் வெள்ளையாக ஒரு களிம்பைத் தடவிக்கொண்டுதான் வாசலுக்கே வருவார். எங்கள் ஊரில் அதுவரை களிம்பு பூசிக்கொண்ட ஆண்பிள்ளை கிடையாது. “மாப்ள மேக்கப்பு முடிஞ்சிதா?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டிய மாத்திரை ஒன்று இருந்தது. தெரியாமல் தினமும் சாப்பிட்டால் ஆபத்து என்று சொல்லியிருந்தார்கள். அம்மா அதை மற்ற மாத்திரைகளோடு வைக்காமல் சாமி மாடத்தில் தனியாக வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அவளே எடுத்துக் கொடுப்பாள். அது சாமி மாத்திரை என்று நான் ரொம்ப நாள் நம்பினேன்.

பழவேற்காட்டிலிருந்து வந்த அத்தை, தம்பியின் முகத்தைப் பார்த்து மார்பில் அடித்துக்கொண்டார். “மாத்திரைதான்டா மூஞ்ச இப்படி ஆக்கிடுச்சி. தூக்கிப் போடு” என்றார். பன்னு என்ற பெயரைக் கேட்டுக் கேட்டுச் சலித்திருந்த சித்தப்பாவுக்கு அது சரியென்று பட்டிருக்க வேண்டும். தினம் சாப்பிடும் மாத்திரைகளை யாருக்கும் சொல்லாமல் நிறுத்திவிட்டார். சில நாட்களில் எழுந்திருக்கவே முடியாமல் வாந்தியும் மயக்கமுமாகக் கிடந்தார். மறுபடி ஆஸ்பத்திரி. டாக்டர் திட்டவில்லையாம். “முக வீக்கம் இறங்கிடும். உயிர் போனா திரும்பி வராது” என்று மட்டும் சொன்னாராம். அதன்பிறகு அவர் ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை.

நோய் கொஞ்சம் அடங்கியதும் உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளையெல்லாம் நைனா ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். அந்த உயரத்தில் உட்கார்ந்து, யாரையும் பிடிக்காமல் எழ வேண்டும். பழகியதும் ஒரு நாற்காலியை எடுத்துவிட வேண்டும். உட்காருகிற இடம் தாழத் தாழ, எழுவது கஷ்டம். என் வேலை பறிபோனது எனக்கு அப்போதுதான் உறைத்தது. “பாப்பா, இழுக்காத. தோளு புடிச்சிக்கும்னு சொல்லிக்கீறாங்க” என்றார் சித்தப்பா. என்னைவிட நாற்காலிகளை நம்புகிறார்களே என்று அந்த டாக்டர்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

பெண் வீட்டுக்கு விஷயம் போயிருந்தது. பெண்ணின் அப்பா நைனாவிடம் போனில், “கொஞ்ச நாளு ஆறப்போடுவோம்” என்றார். அதன் அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். “அவங்க சொல்றது ஞாயந்தான்” என்று சித்தப்பா சொல்லிவிட்டு, சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் பேச்சை நிறுத்திய நாட்கள் என் நினைவில் அவை மட்டும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணே வந்து நின்றாள். கம்பெனியில் கூட வேலை செய்கிற தோழி ஒருத்தி உடன் வந்திருந்தாள். அம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. சித்தப்பா நாற்காலி அடுக்கின்மேல் தொப்பியும் களிம்புமாக உட்கார்ந்திருந்தார். அந்தக் கோலத்தில் எந்த மாப்பிள்ளையையும் எந்தப் பெண்ணும் பார்த்திருக்கமாட்டாள்.

“ஒட்டுமா?” என்று கேட்டாள், உட்காருவதற்கு முன்பே.

“ஒட்டாது.”

“சரியாயிடுமா?”

“முழுசா போவாதாம். அடங்கிக் கெடக்குமாம். மாத்திரைய விட்டா எழுந்துக்குமாம்.”

“கொழந்தைங்களுக்கு வருமா?”

சித்தப்பாவின் உருண்டை முகம் களிம்பையும் மீறிச் சிவந்தது. “அப்படி நேரா வராதுன்னாங்க. ஆனா கொழந்த வேணும்னா, முன்னாடியே அவங்களாண்ட சொல்லி மாத்திரைய மாத்திக்கணுமாம்.”

அப்போதுதான் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்:

“அன்னிக்கி நீங்க எழுந்திரிக்கல. கொழந்த தூங்குதுன்னு சொன்னீங்க. அது தூங்கல, கேசரியப் பாத்துக்கினு இருந்துச்சி. அதக் காட்டி மறைக்கறீங்க, தண்ணி போட்டுட்டு வந்திருக்கீங்கன்னு நெனச்சிட்டேன். எங்க அக்கா வூட்ல அந்தக் கூத்த நான் தெனம் பாக்கறேன். எனக்கும் அதான் எழுதிக்கீதுன்னு ஒரே அழுவை. அப்புறம் வியாதின்னு சொன்னாங்க. தப்பா எடுத்துக்காதீங்க… எனக்கு நிம்மதியா இருந்துச்சி.”

அடுப்படியில் அம்மாதான் முதலில் சிரித்தாள். பிறகு சித்தப்பா சிரித்தார், நாற்காலிகள் ஆடுகிற அளவுக்கு. நோய் வந்ததால் பெண்ணின் மனதில் மதிப்புக் கூடிய மாப்பிள்ளையை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

“எங்க நைனாவ நான் பாத்துக்கறேன்” என்றாள் அவள், தன் அப்பாவைப் பற்றி. “நீங்க மாத்திரையப் பாத்துக்கோங்க. இப்போ எழுந்திருங்க, பாப்போம்.”

பழக்கத்தில் நான் முன்னால் ஓடினேன். அவள் என் தோளைப் பிடித்து நிறுத்திக்கொண்டாள். “இரு பாப்பா.” சித்தப்பா கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்து, எழுந்து நின்றார். அவள் பிடி என் தோளில் இறுகித் தளர்ந்தது. அந்த டாக்டரின் கட்சியில் இன்னொரு ஆள் சேர்ந்துவிட்டாள் என்று எனக்குத் தோன்றியது.

அவள்தான் என் சித்தி. அடுக்கில் ஒற்றை நாற்காலி மட்டும் மிஞ்சி, சித்தப்பாவின் முகமும் கொஞ்சம் இறங்கிய பிறகு, கல்யாணத்துக்கு நாள் பார்த்தார்கள். இப்போது எனக்குக் கல்யாண வயது. சித்தப்பா இன்னும் மாத்திரை சாப்பிடுகிறார், முன்பைவிடக் குறைவாக. நடுவில் ஒருமுறை நோய் மறுபடி கிளம்பியது. இந்தமுறை அவர் யாரிடமும் மறைக்கவில்லை, படி ஏறும்போது தொடை கனக்கிறது என்று முதல் நாளே சித்தியிடம் சொல்லிவிட்டார். சீக்கிரமே அடங்கியது. வெயில் ஏறும் முன்பே முழுக்கைச் சட்டையோடு ஏரிக்குப் போய்த் திரும்புகிறார். அவர் பிள்ளைகளுக்கு அப்பா என்றால் தொப்பி போட்ட ஆள். அந்த டாக்டரையும், தோழியோடு வந்து நின்ற சித்தியையும், ஏன், எங்கள் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலிகளையும்கூட நான் நன்றியோடுதான் நினைத்துக்கொள்கிறேன்.

ஆனால் இந்தக் கதையில் திருடர்களும் உண்டு. அவர்களைச் சொல்லாமல் கல்யாணத்துக்குப் போக முடியாது.

எங்கள் ஏரியில் நினைத்த நாளில் நினைத்த இடத்தில் பெரிய வலையைக் கட்டிவிட முடியாது. எந்த இடத்தில் யார், எந்த நாளில் என்று முறை உண்டு. பாடு என்போம். நம் முறை வரும் நாளில் போகாவிட்டால் அந்த வரும்படி போனது போனதுதான். சித்தப்பாவைச் சென்னைக்குக் கூட்டிப் போவதும், அங்கேயே தங்குவதுமாக நைனா இருந்த அந்த மாதங்களில், எங்கள் முறை வந்த ஒரு விடியற்காலையில் மூன்று பேர் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். கொடியில் கிடந்த எங்கள் வலையை எடுத்தார்கள். எங்கள் படகையே தண்ணீருக்குத் தள்ளினார்கள். அவர்களில் மூத்தவர் நைனாவோடு பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர். வலை கட்டுகிற இடத்தைப் பற்றி ஏதோ பழைய தகராறு. தெருவில் எதிரே வந்தால் இருவரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவார்கள்.

“எங்க நைனா வலைய ஏன் எடுக்கறீங்க? வைங்க!” என்று கத்தினேன். அந்த மூத்தவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு வலையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். அம்மா வாசலில்தான் நின்றாள். தடுக்கவில்லை. போதாததற்கு, உள்ளே போய்க் குடம் நிறையக் குடிதண்ணீர் கொண்டுவந்து படகில் வைத்தாள். அம்மாவை மிரட்டி வைத்திருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன்.

திரும்பி வந்ததும் ஒரு பெட்டி இறாலை எங்கள் வாசலில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனார்கள். திருடியதில் கொஞ்சத்தைச் சொந்தக்காரனுக்கு வைத்துவிட்டுப் போகிற அளவுக்கு நல்ல திருடர்கள் என்று நினைத்தேன். மீதியை என்ன செய்தார்கள் என்று யோசித்தேனே தவிர, மீதி என்று ஒன்று இருந்ததா என்று யோசிக்கவில்லை. எங்கள் முறை வரும்போதெல்லாம் இது நடந்தது. நைனா ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் கொடியில் கிடந்த வலையைப் போய்ப் பார்த்தார். கழுவி, கிழிசல் தைத்துக் காயப் போட்டிருந்தது. தைத்த இடத்தை விரலால் தடவிவிட்டு “ம்” என்றார். அவ்வளவுதான். என் நைனா இவ்வளவு பயந்தாங்கொள்ளியா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கல்யாணம் பழவேற்காட்டில் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் மணையில் உட்கார வேண்டாம், நாற்காலி போட்டுக்கொள்ளட்டும் என்று பெண்ணின் அப்பாவே சொல்லிவிட்டார். பந்தியில் லட்டு பரிமாறும் வேலையை என்னிடம் கொடுத்திருந்தார்கள். தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு இலை இலையாக வைத்துக்கொண்டு போனேன். மூன்று திருடர்களும் ஒன்றாக வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் இலைகளைத் தாண்டி அடுத்த இலைக்குப் போனேன்.

“இன்னா பாப்பா, எங்களுக்குக் கெடையாதா?” என்றார் மூத்தவர்.

“வலை திருடறவங்களுக்குக் கெடையாது.”

அம்மா கையிலிருந்த சாம்பார் வாளியோடு அப்படியே நின்றாள். நான் செய்தது நியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அப்போது, கல்யாணத்துக்கு வந்தவர்களை விசாரிக்க மாலையும் கழுத்துமாக அங்கே வந்த சித்தப்பா, என் கையிலிருந்த தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார். நிறைந்த தாம்பாளம். ஆனால் கீழே வைக்கவில்லை. ஒவ்வொருவர் இலைக்கும் குனிந்து அவரே லட்டு வைத்தார். மூத்தவருக்கு இரண்டு வைத்தார். அவர், “போதும்டா, சர்க்கரை ஏறிடும் எனக்கு” என்றார். அவர் கண்ணில் ஏன் தண்ணீர் நிற்கிறது என்று பார்த்தேன். குழம்பில் காரம் ஜாஸ்தி போலிருக்கிறது.

அதற்குள் நைனா வந்துவிட்டார். திட்டப் போகிறார் என்று நான் அம்மாவின் பின்னால் ஒளிந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. நேராக அந்த மூத்தவரின் பக்கத்தில் போய் நின்று, “கொஞ்சம் தள்ளி உக்காரு” என்றார். அத்தனை வருஷத்தில் அவரோடு நைனா பேசிய முதல் வார்த்தை அதுதான். அவர் தள்ளி உட்கார்ந்தார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டு மூவரும் கிளம்பினார்கள். நைனா அவர்களோடு மண்டபத்து வாசல்வரை போனார். அவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கியதும், அவர்கள் முதுகைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. வலையையும் படகையும் எடுத்துக்கொண்டு போனவர்களை இப்படிக் கும்பிடுகிறாரே என்று நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவும் கைகளைக் கூப்பியிருந்தாள்.